நாற்பது மீட்டரில் தெரியும் பதுங்குகுழி

வால்வம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் பறிபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பறித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவளைக் கட்டிக்கொண்டவர். இன்னொருவன் அவளோடு பிறந்தவன்.

வால்வம்மா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். குடிநீர் வாரியத்தில் அவளுடைய வேலை, காணாமல்போன வால்வுகளைக் கண்டுபிடிப்பது. சாலைக்கு அடியில் ஓடுகிற பெரிய குழாய்களில் அங்கங்கே தண்ணீரை நிறுத்தும் வால்வு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே சாலை மட்டத்தில் ஓர் இரும்பு மூடி. சாலை போடுகிறவர்கள் வருவார்கள். மூடியின் மேலேயே தாரை ஊற்றி, உருளையை ஏற்றி, இழைத்த பலகைபோலச் சமமாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு ஒருநாள் குழாய் உடையும். தண்ணீரை அடைக்கவேண்டும், ஆனால் மூடி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அப்போது அவளைக் கூப்பிடுவார்கள்.

இருபத்து மூன்று வயதில் வரைபடப் பிரிவில் படியெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். வெளியே போய் வால்வு தேடிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றபோது, பழைய வரைபடங்களைப் படிக்கத் தெரிந்த ஆள் வேறு யாருமில்லை. "ஒரு வாரத்துக்கு மட்டும் நீ போய்ட்டு வாம்மா" என்றார் அன்றைய பொறியாளர். அந்த ஒரு வாரம் இருபத்திரண்டு வருடமாக முடியவில்லை.

வரைபடம் என்ன சொல்லும்? 'விளக்குக் கம்பத்திலிருந்து பதினோரு அடி' என்று சொல்லும். கம்பத்தைப் பிடுங்கிப் பத்து வருடம் ஆகியிருக்கும். 'சுற்றுச்சுவர் முனையிலிருந்து நான்கு எட்டு' என்று சொல்லும். யாருடைய எட்டு என்று சொல்லாது. உலோகம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அது சோடா மூடிக்கும் ஆணிக்கும் அதே உற்சாகத்தோடு கத்தும். கடைசியில் அவள் நம்பியது ஓர் இரும்புக் கடப்பாரையையும் தன் காதையும்தான். தட்டிக்கொண்டே போவாள். கெட்டியான தரை 'ணங்' என்று திருப்பி அடிக்கும். அடியில் அறை இருக்கிற இடம் மட்டும் 'டொப்' என்று வாயைத் திறக்கும்.

சாலை ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியோடு அவள் எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறாள். அவர் நிதானமான மனிதர். "மூடி எங்கயும் போகல மேடம். ரோட்டுக்குக் கீழதான் இருக்கு" என்பார்.

இப்படி வாரம் முழுக்கப் புதைந்ததைத் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் அதே கதை.

அவள் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பார்வை பரிசோதிக்கத் தெரிந்தவர் என்பதால், உலகத்தில் எதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், எதெல்லாம் தெரியாது என்பதில் தன்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. அண்ணன் நீதிமன்றத்தில் குமாஸ்தா. எழுத்தில் இருந்தால் அது உண்மை, எழுத்தில் இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இந்த இரண்டு பேரும் ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அதன்மேல் ஒரு போர் விளையாட்டை விரிப்பார்கள். எப்போதோ எங்கோ நடந்த ஒரு சண்டையின் வரைபடம், முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் நாற்பது மீட்டர். அதன்மேல் நகத்தளவு அட்டைத் துண்டுகள்: இது பத்து சிப்பாய், இது ஒரு பீரங்கி. இரண்டு பகடை. எழுபது பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம். அண்ணன் அதில் நான்கு நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தான்.

தற்காப்புப் பக்கம் இருப்பவர் பதுங்குகுழிகளை மறைத்து வைக்கலாம். எந்தெந்தக் கட்டத்தில் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவிடவேண்டும். எதிரி கண்டுபிடிக்கும்வரை சீட்டு மடித்தே இருக்கும். ஒருநாள் அண்ணனின் சீட்டில் இருந்தது ஒன்றா ஏழா என்று சண்டை வந்தது. அவன் மேலே ஒரு கோட்டை இழுத்து ஒன்றை ஏழாக்கிவிட்டான் என்று கணவர் சொல்ல, நீதிமன்றத்தில் இருபது வருடம் ஊழியம் செய்தவனைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்று அண்ணன் எழுந்துவிட்டான். சண்டையை விலக்க உள்ளிருந்து வந்த வால்வம்மா, "சீட்ட என்கிட்ட குடுத்துத் தொலைங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நடுவர்.

நடுவர் வேலை என்பது, மருந்துப் பெட்டிக்குள் சீட்டை வைத்துக்கொண்டு, கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "இருக்கு", "இல்ல" என்று சொல்வது. அதைப் பதினோரு வருடமாகச் செய்தாள். பதினோராவது வருடத்தில்தான் அந்தக் காட்டுவழி ஆட்டம் வந்தது.

கணவரின் படை முன்னேறிக்கொண்டிருந்தது. அண்ணனின் மறைந்திருந்த குழி ஒன்றிலிருந்து துப்பாக்கி மூன்று சுற்றாகச் சுட்டது. சுட்ட குழியைக் கண்டுபிடிக்க, ஒரு பகடையை உருட்டி ஒன்றோ இரண்டோ விழவேண்டும். கணவருக்கு மூன்று தடவையும் ஐந்து. முப்பது சிப்பாய்கள் அட்டைப் பெட்டிக்குத் திரும்பிப் போனார்கள்.

"மூணு தடவ சுட்டாச்சு மச்சான். பொகை, சத்தம், மண்ணு பறக்குது. இதுக்கப்புறமும் எங்கேருந்து சுடறான்னு தெரியலன்னா, என் ஆளுங்க எல்லாம் கண் தெரியாதவங்களா?"

அண்ணன் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்து வாசித்தான். பகடைதான் தீர்ப்பு.

அடுத்த சுற்றிலேயே காற்று திசை மாறியது. கணவரின் வேவுக்காரர்கள் இன்னொரு குழிக்குப் பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றார்கள். இது சுடாத குழி, புல் போர்த்து அமைதியாகக் கிடந்த குழி. ஆனால் பக்கத்துக் கட்டத்துக்கு வந்துவிட்டால் தானாகத் தெரிந்துவிடும் என்பது விதி. வால்வம்மா, "இருக்கு" என்றாள். இப்போது எரிச்சல் அண்ணனுக்கு. நாற்பது மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, வாயே திறக்காத குழியைப் பார்த்துவிடுவார்களாம், சுட்டுக்கொண்டே இருக்கிற குழி தெரியாதாம், இது என்ன அநியாயம் என்றான். ஐந்து நிமிடத்துக்கு முன் அதே புத்தகத்தை வேதமாக வாசித்தவன் அவன்தான்.

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று காலைதான் ஒரு மூடிக்காக மூன்று மணி நேரம் வெயிலில் தட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. புத்தகத்துல இருக்கறதும் தப்பு. மறைச்சு வச்சது நாற்பது மீட்டர்ல தெரியாது. காலுக்கடியில இருந்தாலும் தெரியாது."

கணவர் சிரித்தார். "அது உன் மூடிம்மா. இது பங்கர். பயிற்சி எடுத்தவன் கண்ணு வேற."

"பாப்பா," என்றான் அண்ணன், ஐம்பத்தொரு வயதுக்காரியைப் பார்த்து, "ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அடுத்த விடுமுறை நாளில் நேரடிச் சோதனை என்று முடிவாயிற்று. இடம், நீரேற்று நிலையத்தின் பின்னால் புதரும் புல்லுமாகக் கிடந்த வெற்று நிலம். அதன் சாவி அவளிடம் இருந்தது. பொறியாளரிடம் அனுமதி கேட்கப் போனபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "குழிய மூடிட்டுப் போயிடச் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றார்.

அண்ணன் விடியற்காலையிலேயே போய்த் தோண்டினான். பேனா பிடித்த கை. மூன்று மணி நேரத்தில் இடுப்பளவுதான் இறங்கியது, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மேலே பலகைகளைப் போட்டு, சாக்கை விரித்து, மண் தள்ளி, புல்லைப் பெயர்த்து ஒட்டினான். முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி. அதற்குள் ஊதலோடு குந்தி உட்கார்ந்துகொண்டான். ஓர் ஊதல் என்றால் ஒரு தடவை சுட்டதாகக் கணக்கு. வால்வம்மா அளவு நாடாவைப் பிடித்து, பத்து மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டாள். குழி எங்கே என்று இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்து தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு வாயிற்கதவைத் திறந்து கணவரை உள்ளே விட்டாள். தொலைநோக்கியும் தொப்பியுமாக வந்தார்.

முதல் ஊதலுக்கு இடதுபக்கப் புதரைக் காட்டினார். இரண்டாவதுக்கு நீரேற்று நிலையத்தின் சுவரைக் காட்டினார். சத்தம் அதில் பட்டுத்தான் திரும்பியிருந்தது. மூன்றாவதுக்கு வலதுபக்கம் கிடந்த குழாய்க் குவியலை அடித்துச் சொன்னார். நாற்பது மீட்டர்க் கோட்டில் கால் மணி நேரம் நின்று, புல் புல்லாகப் பார்த்தார். வெயில் கண்ணில் அடிக்கிறது, கொஞ்சம் சாயட்டும் என்றார். சூரியன் சாயும்வரை காத்திருக்க முடியாது என்றாள் வால்வம்மா. கடைசியில் அவர் நடக்கத் தொடங்கி, குழியின் வாயிலிருந்து ஆறே எட்டில், அந்தப் பக்கமே திரும்பாமல் கடந்து போனார். முதுகுக்குப் பின்னால் ஊதல் அலறியதும் துள்ளி விழுந்தார்.

"நீங்க செத்து ரொம்ப நேரமாச்சு மாப்ள," என்றது பூமிக்குள்ளிருந்து ஒரு குரல். "உக்காருங்க."

உட்காருவாரா? இது சோதனையே இல்லை என்று பொரிந்து தள்ளினார். ஊதலுக்குப் புகை உண்டா, வெடிமருந்து நெடி உண்டா, மண் தெறிக்குமா? நிஜத் துப்பாக்கி என்றால் முதல் சுற்றிலேயே பிடித்திருப்பேன் என்றார். நிஜத் துப்பாக்கி என்றால் முதல் சுற்றுக்குப் பிறகு பேசிக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்றது பூமி. ஒருவர் மேலே, ஒருவன் கீழே, நடுவில் புல். உச்சி வெயில் வேறு. இரண்டு பேரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று வால்வம்மா விறுவிறுவென்று நடந்தாள். கையில் அவளே குறித்த அளவுத்தாள். கண் அதன்மேல்.

வலது கால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இறங்கிற்று. கணுக்காலில் ஏதோ 'மளுக்' என்றது. பாதம் கீழே அண்ணனின் தோளில் போய் நின்றது.

கீழேயிருந்து அண்ணன் கேட்டான்: "மாப்ள, இதைக் கண்டுபிடிச்சதா எடுத்துக்கணுமா?"

அவள் காலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதற்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி இது. அவள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. இனி ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதி என்று அவள் நினைத்தாள். நடுவரால் எழுந்து வரமுடியாது என்பதால் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்படிப் போட்ட மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நீரேற்று நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர் தொலைபேசியில் அழைத்தார். குரல் தந்தியடித்தது. பழைய சந்தைத் தெருவில் பெரிய குழாய் வெடித்துவிட்டது, தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. போன வாரம்தான் அங்கே புதுச் சாலை போட்டார்கள். அவள் இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு மணி நேரமாக வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்க்கிறார், மூடி அகப்படவில்லை.

வால்வம்மா தொலைபேசியை வைத்தாள். கட்டில் பக்கத்தில் ஒரு கண் நிபுணரும் ஒரு வரைபட நிபுணரும் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் எழுந்திருங்க. கதவுக்குப் பின்னாடி கடப்பாரை இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க."

கணவர், இந்தச் சுற்று மட்டும் முடித்துவிட்டு என்று தொடங்கினார். அவள் பார்த்த பார்வையில் முடிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. கணுக்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது என்றார் கணவர். சாலை கண்ணாடி மாதிரி இருக்கிறது, மூடிக்கான அறிகுறியே இல்லை. எங்கே தண்ணீர் தெளிவாக இருக்கிறது, எங்கே கலங்கியிருக்கிறது, வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறது என்றெல்லாம் அழகாக விவரித்தார். அதில் ஒன்றும் அவளுக்குப் பயன்படவில்லை. பிறகு அண்ணன் வாங்கிப் பேசினான். பதினான்காம் எண் வீட்டு முனையிலிருந்து ஆறு மீட்டர் இருபது என்று வரைபடத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, அளந்தாகிவிட்டது, அங்கேதான் நிற்கிறேன், இங்கே மூடி இல்லை, ஆகவே மூடி அகற்றப்பட்டிருக்கவேண்டும் என்றான்.

"அண்ணே, அந்த வீட்டுக்காரங்க முன்பக்கம் இழுத்துக் கட்டிட்டாங்க. அது பழைய முனை இல்ல."

"அப்ப வரைபடத்தத் திருத்தியிருக்கணுமே?"

"மொதல்ல தண்ணிய நிறுத்துவோம்."

தேடவேண்டாம், பார்க்கவும் வேண்டாம் என்றாள். தெருக் கடைசியில் தீயணைப்புக் குழாய் ஒன்று சிவப்பாக நிற்கும், அதற்கு முதுகைக் காட்டி நில். பெரிய குழாய் அதன் நேர்கோட்டில்தான் வருகிறது. நடைபாதையிலிருந்து இரண்டு எட்டு உள்ளே வா. இனி ஓர் அடிக்கு ஒரு தட்டு. அத்தான் தொலைபேசியைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே வரட்டும். "அத்தானா? என்கிட்ட பேசும்போது ஒரு தடவகூட அப்படிக் கூப்பிட்டதில்ல" என்று தூரத்தில் கணவர் முணுமுணுத்தது கேட்டது. அவள் பொருட்படுத்தவில்லை.

ணங். ணங். தண்ணீர் சலசலப்பு. யாரோ ஒரு பெண் தன் வீட்டுப் படுக்கை மிதக்கிறது என்று சத்தம் போட்டாள். ணங். ணங். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நில்லு. இப்ப தட்டினதுக்கு முன்னாடி தட்டின எடத்துல மறுபடி தட்டு."

டொப்.

"அங்கதான். தோண்டச் சொல்லு."

கணவரின் குரல் இறங்கி வந்தது. "இங்க நின்னுதாம்மா நான் மொதல்ல உனக்குப் போன் பண்ணிப் பேசினேன்."

தாரை உடைத்து மூடியைப் பெயர்த்து வால்வைத் திருகி மூடியபோது பன்னிரண்டு வீடுகள் நனைந்திருந்தன. இருவரும் தொடைவரை சேறோடு வந்து சேர்ந்தார்கள். அன்று ஆட்டத்தைத் தொடரவில்லை. ஆனால் நன்றியுணர்ச்சி எல்லாம் இரண்டு நாள்தான். கணவர் கடைக்கு வருகிறவர்களின் கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டே, தான் மூடியைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதாக அவள் காதுக்கு வந்தது. அவர் கதையில் கடப்பாரை இல்லை, தொலைபேசியும் இல்லை. பார்வை மட்டும் இருந்தது.

அண்ணன் வேறு வழியில் கிளம்பினான். விளையாட்டை வெளியிட்டவர்களுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினான். 'மேற்படி விதியானது நடைமுறைக்கு முற்றிலும் ஒவ்வாததாயும், களச்சோதனையில் நடுவரே காயமுற்றதாயும்' என்று போயிற்று அது. சுடாத குழி, அதன்மேல் கால் வைத்தால் ஒழியத் தெரியக்கூடாது. சுடுகிற குழியின் திசை மட்டும் தெரியும், இடம் தெரியாது. சந்தேகப்படும் மூன்று கட்டங்களை எதிரி குறித்துக்கொள்ளலாம், அதில் ஒன்றாவது சரியா என்று நடுவர் சொல்வார். இது வால்வம்மா படுத்தபடி சொன்ன விதி. கடிதத்தில் அவள் பெயர் இல்லை. 'துறை சார்ந்த நிபுணர்' என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, நிஜத்தில் அப்படி இல்லை என்பது எங்களுக்கும் தெரியும், விளையாட வசதிக்காக அப்படி வைத்திருக்கிறோம்.

அண்ணனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. வால்வம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள். சாலைத்துறைக்கு அவள் எழுதிய கடிதங்கள் எதற்கும் இவ்வளவு நேர்மையான பதில் வந்ததில்லை.

ஏழாவது வாரம் லேசாகச் சாய்ந்து சாய்ந்து வேலைக்குப் போனாள். பழைய சந்தைத் தெருவில் மட்டும் மூடிகளைத் தார்மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லி உத்தரவாகியிருந்தது. அந்த ஒரு தெருவுக்கு மட்டும். அன்று காலையே வேறு மூன்று தெருக்களில் மூடியைக் காணோம் என்று தாள் வந்து மேசையில் கிடந்தது. மேஸ்திரி வந்து அவள் காலைப் பற்றி விசாரித்தார். பார்த்து நடக்கக்கூடாதா மேடம் என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நடுவராக இருக்கமாட்டேன் என்றாள். இருவரும் பதறிப்போனார்கள். அவள் இல்லாமல் யாரை நம்புவது? அண்ணியைக் கூட்டிவந்து சீட்டைக் கொடுங்கள் என்றாள். தான் ஆடப்போவதாகச் சொன்னாள்.

புது விதிப்படி ஆட்டம். தற்காப்பு அவள் பக்கம். கணவர் தாக்கவேண்டும். அவள் சீட்டைக் கையால் மறைத்தபடி குனிந்திருந்துவிட்டு, நான்காக மடித்து அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி பிரித்துப் பார்த்துவிட்டு ஒருதரம் அவளைப் பார்த்தாள். மறுபடி மடித்து வைத்துக்கொண்டாள்.

கணவர் இந்தத் தடவை ஜாக்கிரதை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகச் சோதித்து முன்னேறினார். இந்தப் புதரில் இருக்கும் என்று பீரங்கியால் அடித்தார். அண்ணி, "இல்ல" என்றாள். அந்த மேட்டில் கட்டாயம் இருக்கும் என்று அரைப் படையைச் சுற்றி அனுப்பினார். "இல்ல." அண்ணன் அவர் காதில் யோசனை சொன்னான், அவன் தங்கையை அவனுக்குத் தெரியுமாம், பாலத்துக்குப் பின்னால்தான் வைத்திருப்பாளாம். "இல்ல." பன்னிரண்டு சுற்று ஆட்டம். பன்னிரண்டாவது சுற்று முடிந்தபோது கணவரின் படை பாதி வழியில்கூட இல்லை. விதிப்படி தற்காப்புக்கு வெற்றி.

அண்ணி சீட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். வெறுந்தாள்.

இது செல்லாது என்று அண்ணன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். எத்தனை குழி இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது, எத்தனை இருந்தே ஆகவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. மாற்றி மாற்றித் தேடினான். கணவர், இதெல்லாம் நிஜப் போரில் நடக்காது என்றார். அண்ணன் உடனே அவர் பக்கம் திரும்பி, நிஜத்தில் நடக்குமா நடக்காதா என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டான். கணவரின் குரல் உயர்ந்தது. அண்ணனின் குரல் அதற்கு மேலே போயிற்று.

வால்வம்மா எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காதுக்கு மேலே தலையணையை வைத்துக்கொண்டு படுத்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை.